டிசம்பரில் காக்கடுவில் கூடாரம் போடலாமா?

கேள்வி கேட்டவர் மெல்பர்னில் குடியிருக்கிறார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மனைவி, எட்டும் பதினொன்றும் வயதான இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் சர்க்கரை நோயுள்ள அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு விமானத்தில் வட ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் காரில் காக்கடு தேசியப் பூங்காவுக்குச் சென்று மூன்று இரவுகள் கூடாரத்தில் தங்க நினைக்கிறார். முதலை, பாம்பு, சிலந்தி பற்றிக் கேள்விப்பட்ட கதைகளில் எவ்வளவு உண்மை, கூடாரத்துக்குள் முதலை வருமா, பிள்ளைகள் அருவியில் குளிக்கலாமா, விலங்குகள் கண்ணில் படுமா என்பவை அவருடைய கேள்விகள். விலங்குகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் காக்கடுவில் எந்த விலங்கு எங்கே இருக்கும், எந்தச் சாலை திறந்திருக்கும், எந்த நோய் வரும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தண்ணீர். அந்த மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நான் விலங்கியல் படித்தவன். டார்வினில் பல ஆண்டுகள் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பிலும், பிறகு சுற்றுலாக் குழுக்களோடும் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவன் அல்லன். எனவே நோய் பற்றிச் சொல்லுமிடங்களில் நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதத்தைப் பேசிவிடுவோம். டிசம்பர் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் அது கோடை விடுமுறை, கடற்கரைக் காலம். டார்வின் பக்கத்தில் அது பருவமழை கட்டிக்கொண்டு வரும் காலம். வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. பிற்பகலில் இடியும் மின்னலும் வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும், மறுபடி புழுங்கும். மழை வலுத்ததும் ஆறுகள் சாலையை மூடும். ஜிம் ஜிம், டுவின் போன்ற பெரிய அருவிகளுக்குப் போகும் மண்பாதைகள் மாதக்கணக்கில் பூட்டப்படும். அருவிகள் முழு வேகத்தில் விழும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அவற்றைச் சிறிய விமானத்திலிருந்துதான் பார்க்க முடியும். மழைக்காலக் காக்கடு மிக அழகானது. அதை ரசிக்க விடுதி அறையும் குளிர்சாதனமும் வேண்டும். பிள்ளைகளையும் வயதானவரையும் நைலான் கூடாரத்துக்குள் படுக்க வைத்துவிட்டு ரசிக்க முடியாது.

அந்த மண்ணுக்குரிய பினிஞ், முங்கூய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மழைக்காலம், வறண்ட காலம் என்று நாம் இரண்டாகப் போடும் கணக்கைவிட அது பயணிக்கு எவ்வளவோ உபயோகமானது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கொட்டும் மழை, குஜெவ்க். ஏப்ரலில் பங்கெரெங், மழையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஈட்டிப்புல்லை அப்போது வரும் கடைசிப் புயற்காற்றுகள் தரையோடு சாய்த்துவிடும். மே முதல் ஜூன் நடுப்பகுதி வரை யெக்கெ. பனிமூட்டம், நீரெங்கும் அல்லிப்பூ, நிலத்தை அங்கங்கே எரித்துச் சீர்செய்யும் வேலை தொடங்கும். அடுத்தது வுர்கெங், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. ஆண்டின் குளிர்ந்த பருவம், அதாவது பகலில் 32 டிகிரி, இரவில் 17 அளவு. பிறகு குருங், வெயில் ஏறி நீர் வற்றும். அக்டோபரில் தொடங்கும் குனுமெலெங்கில் வானம் கறுக்கும், ஆனால் பெய்வதற்கு நாளாகும். நீங்கள் சொல்லும் டிசம்பர், குனுமெலெங் முடிந்து குஜெவ்க் பிறக்கும் இடம்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலப் பள்ளிகளுக்கு ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை உண்டு. அதில் போங்கள். செப்டம்பர் கடைசியில் வரும் விடுமுறையும் ஒரு வாய்ப்பு. விலங்கு பார்க்க மட்டும் என்றால் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். சுற்றுவட்டாரச் சமவெளி முழுதும் வற்றி, எஞ்சிய மடுக்களில் பறவையும் மீனும் முதலையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஆனால் வெயில் தாங்காது. அப்பா கூட வருவதால் ஜூலையே நல்லது. சாலைகள் எந்தத் தேதியில் திறக்கும் என்று முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. பூங்கா நிர்வாகம் நாள்தோறும் புதுப்பிக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி முதலை. இங்கே இரண்டு இனங்கள். நன்னீர் முதலைக்கு ஒல்லியான நீண்ட மூக்கு. மீனும் பூச்சியும் தின்று வாழ்வது. சீண்டினால் கடிக்கும், மற்றபடி மனிதரைக் கண்டால் விலகிப்போகும். உவர்நீர் முதலை வேறு. ஆண் முதலை ஐந்து மீட்டருக்கு மேலும் வளரும், மனிதரை இரையாகவே பார்க்கும். ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் அந்தமானிலும் இலங்கையிலும் இருப்பது இதே இனம்தான். பெயரை நம்பி இது கடலோரத்தில் மட்டும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, முழுக்க நன்னீரான மடுக்களிலும் ஓடைகளிலும் அது வாழ்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் பரவும்போது சமவெளி முழுவதும் அதற்கு வழிதான். வெள்ளம் வடிந்ததும் எந்தக் குட்டையில் எது தங்கிவிட்டது என்பது வெளியே தெரியாது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்த பிறகு ரேஞ்சர்கள் இரவில் விளக்கடித்துத் தேடியும், கூண்டு வைத்துப் பிடித்தும், அருவிப் பகுதிகளைச் சோதித்த பிறகே திறக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, டார்வினும் காக்கடுவும் அடங்கிய வடபிரதேசத்தில் இந்த உவர்நீர் முதலைகள் ஏறக்குறைய அழிந்தே போயின. 1971இல் வேட்டை தடைசெய்யப்பட்டது. அன்று மிஞ்சியவை சுமார் 3,000. இன்று ஒரு லட்சம் அளவில் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தலை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல என்பதால் எண்ணில் கூடக்குறைய இருக்கலாம். பெருகியிருக்கின்றன என்பதிலும், 1970களில் கண்டவற்றைவிட இன்று இருப்பவை உருவத்தில் பெரியவை என்பதிலும் சந்தேகமே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே குளித்து வளர்ந்த உள்ளூர்க்காரர் யாராவது "ஒன்றும் ஆகாது, நாங்கள் எல்லாம் இறங்கியிருக்கிறோம்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் குளித்த காலத்து ஆறு வேறு.

முதலை எப்படி வேட்டையாடுகிறது என்று தெரிந்தால் விதிகள் தானாக விளங்கும். அது துரத்திப் பிடிக்கும் விலங்கு அல்ல. நீருக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட மூச்சடக்கிக் கிடக்கும். கரையில் ஒரே இடத்துக்கு ஒரே வேளையில் யார் வருகிறார்கள் என்று கவனிக்கும். முதல் நாள் நீங்கள் பாத்திரம் கழுவினீர்கள், இரண்டாம் நாளும் அதே கல்லில் உட்கார்ந்து கழுவினீர்கள் என்றால், மூன்றாம் நாள் அது உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே முழங்கால் ஆழம் தெரிந்தாலும் விடக் கூடாது. நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கூடாரத்தை நீரிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, மேட்டில் போடுங்கள். மீனை அறுத்துக் கழிவைக் கரையில் போடாதீர்கள். வாளியில் தண்ணீர் மொள்ளப் போகாதீர்கள். குடிக்கவும் கழுவவும் வேண்டியதை வண்டியிலேயே கொண்டுபோங்கள். இரவில் டார்ச் அடித்தால் நீர்மேல் சிவந்த கனல்போல் இரண்டு புள்ளிகள் தெரியும். தூரத்திலிருந்து பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் அதட்ட வேண்டியிருக்காது.

கூடாரத்துக்குள் முதலை வருமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்திருக்கிறது. 2004 அக்டோபரில் குவீன்ஸ்லாந்தின் கேப் யார்க் பகுதியில், பாதர்ஸ்ட் வளைகுடாவின் கடற்கரையில் கூடாரத்திலிருந்த ஒருவரை முதலை இழுத்துப் போனது. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் அதன் முதுகில் பாய்ந்து விழுந்து தடுத்தார், இருவரும் பிழைத்தார்கள். மிக அரிதான சம்பவம். காக்கடுவில் நடந்த மரணங்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஆள் தண்ணீரில் இறங்கியதுதான். 2002 அக்டோபரில் சாண்டி பில்லபாங் என்ற மடுவில், சுற்றுலாக் குழுவோடு இரவில் நீந்தப் போன ஓர் இளம் ஜெர்மானியப் பெண் இறந்தார். முதலை தேடி வந்து கொன்றதைவிட, முதலை இருக்கும் இடத்துக்குள் ஆள் போனதே அதிகம். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பு ஏறக்குறைய முழுதும் உங்கள் கையில் இருக்கிறது என்று துணிந்து சொல்வது அதனால்தான்.

அப்படியானால் அருவியில் குளிப்பது? காக்கடுவில் சில அருவித் தடாகங்களில், மகுக் போன்ற இடங்களில், மக்கள் குளிக்கிறார்கள். நிர்வாகம் சோதித்துத் திறந்த பிறகும் "உங்கள் பொறுப்பில் குளியுங்கள், முதலை இல்லை என்று உறுதி தர முடியாது" என்றே பலகை வைக்கிறது. இது சட்டத்துக்காக எழுதிய வாசகம் என்று ஒதுக்கக் கூடாது. டார்வினுக்குத் தெற்கே லிட்ச்ஃபீல்டு பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கும் வாங்கி அருவியில், 2023 ஜூலையில், திறந்திருந்த ஒரு நாளிலேயே, இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உவர்நீர் முதலை ஒருவரைக் கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பெரியவர்கள் தங்கள் விருப்பப்படி முடிவு செய்யலாம். எட்டு வயதுப் பிள்ளையை என்னால் சிபாரிசு செய்து அனுப்ப முடியாது. பூங்காவுக்கு நடுவே உள்ள ஜபிரு ஊரில் நீச்சல் குளம் இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணி வெயிலில் அதுவே சொர்க்கம்.

முதலையைப் பார்க்க ஆசை என்றால் கேஹில்ஸ் கிராஸிங்குக்குப் போங்கள். ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே போட்ட தாழ்வான சிமெண்டுத் தரைப்பாலம். அந்தப் பக்கம் ஆர்னம் லாண்டு என்ற பழங்குடி மக்களின் நிலம். அனுமதிச் சீட்டு இல்லாமல் கடக்கக் கூடாது, உங்களுக்குக் கடக்க வேண்டிய வேலையும் இல்லை. கடல் ஏற்றம் அவ்வளவு தூரம் உள்ளே வருகிறது. கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஆறு மெல்லத் தயங்கி, நின்று, பிறகு எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும். பாலத்தின் மேல் தண்ணீர் வழியத் தொடங்கியதும் மடவை மீன்கள் கூட்டமாக அதைத் தாண்டும். அதற்கு முன்பே முதலைகள் பாலத்தின் ஓரமாக வரிசையில் வந்து கிடக்கும், வாய் நீரோட்டத்தைப் பார்த்து. ஒரு மீன் துள்ளும். தலை மட்டும் பக்கவாட்டில் சட்டென்று திரும்பும். தாடை மூடும் சத்தம் கரைக்குக் கேட்கும். உடம்பு அசைவதே இல்லை. மேலே பார்வையாளர் மேடை இருக்கிறது. அங்கிருந்து மட்டும் பாருங்கள். தூண்டிலோடு கீழே நீர்விளிம்பில் நிற்பவர்களைக் காண்பீர்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் ஏற்ற நேரம் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும்.

பாம்புக்கு வருவோம். காக்கடுவில் கொடிய நஞ்சுள்ள பாம்புகள் உண்டு. கிங் பிரவுன், டெத் ஆடர் முதலியவை. என்றாலும் ஆஸ்திரேலியா முழுதும் ஆண்டுக்குப் பாம்புக் கடியால் இறப்பவர்கள் சராசரியாக இரண்டு பேர். இந்தியாவில் அது ஆண்டுக்கு 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் அப்பா வயல் வரப்பில் நடந்த காலத்தில் எடுத்த ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் முதலுதவி வேறு, இதைக் கவனமாகப் படியுங்கள். ஆஸ்திரேலியாவில் விரியன் இனம் கிடையாது. அங்குள்ள ஆபத்தான நிலப்பாம்புகளெல்லாம் நாகமும், பெயரில் மட்டும் விரியனான கட்டுவிரியனும் சேர்ந்த குடும்பம். நஞ்சு நிணநீர் வழியாக மெல்லப் பரவும். எனவே இழுத்தால் நீளும் அகலமான (எலாஸ்டிக்) கட்டுத்துணியால் கடிவாயைச் சுற்றி, பிறகு விரல் நுனியிலிருந்து கை அல்லது கால் முழுதும் இறுக்கமாகச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை அசையவே விடாமல் உதவியை அவரிடம் வரவழைப்பார்கள். கடிவாயைக் கழுவக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது. இந்த முறையை நம் ஊருக்கு எடுத்துவந்துவிடாதீர்கள். கண்ணாடி விரியனின் நஞ்சு சதையையே அழிப்பது. அதை ஓரிடத்தில் இறுக்கி வைத்தால் கேடு கூடும். நம் ஊரில் ஆளை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குத்தான். காக்கடுவுக்குப் போகும்போது அப்படிப்பட்ட கட்டுத்துணி இரண்டு சுருளாவது பையில் இருக்கட்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது மூடிய செருப்பும் டார்ச்சும் கட்டாயம். சிலந்தியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்ட சிட்னிச் சிலந்தி காக்கடுவில் இல்லை.

உண்மையில் உங்களைப் படுத்தப்போவது கொசு. மெர்ல் என்ற கூடாரத் திடல் உபிர் பாறை ஓவியங்களுக்கும் கேஹில்ஸ் கிராஸிங்குக்கும் பக்கத்தில், நல்ல நிழலோடு இருக்கிறது. அந்தி சாய்ந்ததும் அங்கே கொசு திரை போல் இறங்கும். ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்து வலைக்குள் போய்விடுபவர்கள் புத்திசாலிகள். மார்டுகல், ம்யுரெல்லா பார்க் திடல்கள் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் தப்பிக்க முடியாது. மலேரியா பயம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அது ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ராஸ் ரிவர் என்ற வைரஸ் காய்ச்சல் உண்டு. நம்மூர்ச் சிக்குன்குனியாவின் உறவுக்காரன், மூட்டுவலியைப் பல வாரம் விட்டுவைக்கும். மர்ரி வேலி மூளைக்காய்ச்சல் அரிது, ஆனால் கொடியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 2022இல் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் தலைகாட்டியது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு, முழுக்கைச் சட்டை, வலை: ஜூலையில் இவை போதும்.

அப்பாவுக்காகத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். வட ஆஸ்திரேலிய மண்ணிலும் சேற்றிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியா வாழ்கிறது. மழை பெய்ததும் அது மேல்மண்ணுக்கு வருகிறது. காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவோ, புயற்காற்றில் மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போகும். ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நிமோனியாவாக, ரத்தத்தில் நச்சேற்றமாக மாறி உயிரைக் குடிக்கும். டார்வினில் வரும் நோயாளிகளில் பெரும்பகுதி மழைக்காலத்தில்தான் வருகிறார்கள். ஜூலையின் காய்ந்த மண்ணில் ஆபத்து மிகக் குறைவு, இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. அவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, சேற்றில் இறங்கக் கூடாது. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் "காக்கடுவுக்குப் போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சரியான பரிசோதனையைச் செய்ய வைக்கும். இன்சுலின் போடுபவராக இருந்தால் வண்டிக்குள் வைத்துவிட்டு இறங்காதீர்கள். ஐஸ் பெட்டியிலும் ஐஸோடு நேராக ஒட்டி வைக்கக் கூடாது.

விலங்குகள் கண்ணில் படுமா? இங்கே உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. இது முதுமலை மாதிரி வண்டியில் உட்கார்ந்து யானையும் மானும் பார்க்கும் காடு அல்ல. கூடாரத் திடலில் வல்லபி என்ற சிறிய கங்காருகள் வரும், உபிர் பாறைகளில் பாறை வல்லபி தெரியும், டிங்கோ நாய் விடியற்காலையில் சாலையைக் கடக்கும், அவ்வளவுதான் பாலூட்டி. முன்பு இப்படி இல்லை. வடக்கத்திக் குவால் என்ற, கீரிப்பிள்ளை அளவில் புள்ளி போட்ட சிறு வேட்டை விலங்கு கூடாரங்களுக்குள் புகுந்து ரொட்டி திருடும் அளவுக்குச் சாதாரணமாக இருந்தது. 1935இல் கரும்பு வண்டை ஒழிக்கிறேன் என்று குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட கரும்புத் தேரை மேற்கே பரவி 2001 வாக்கில் காக்கடுவுக்குள் வந்தது. தேரையின் தோலில் நஞ்சு. அதைத் தின்ற குவால், உடும்பு, கிங் பிரவுன் பாம்பு எல்லாம் செத்து விழுந்தன. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் தேரை தொடாத சிறு எலிகளும், பாண்டிகூட் என்ற சிறு பைப்பாலூட்டி வகைகளும் அதே காலத்தில் குறைந்தன. அதற்குக் காரணம் காட்டுப் பூனையா, அடிக்கடி வரும் கடுந்தீயா, இரண்டும் சேர்ந்தா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. தீ புதரை அழித்துவிடுவதால் பூனைக்கு வேட்டை சுலபமாகிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது.

பறவைக்கு வந்தால் ஏமாற்றமே கிடையாது. கூயிண்டாவில் யெல்லோ வாட்டர் மடுவில் சூரியன் எழும்போது கிளம்பும் படகுக்கு டிக்கெட் எடுங்கள். உங்கள் பயணத்தில் காசு கொடுக்கத் தகுந்த ஒரே செலவைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். மேக்பை வாத்துகள் ஆயிரக்கணக்கில், இலைமேல் நடக்கும் தாமரைக் கோழி, பாம்புத் தாரா, வெண்வயிற்றுக் கடற்கழுகு. ஜபிரு ஊருக்குப் பெயர் தந்த கருங்கழுத்து நாரை இந்தியாவிலும் உண்டு, ஆனால் இங்கே பார்ப்பது போல் சாவகாசமாகப் பார்க்க முடியாது. படகைச் சுற்றிப் பூத்திருப்பது நம் செந்தாமரை, அதே இனம். கரையில் நிற்பது தாழையின் ஓர் இனம். மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருப்பது நம் மாமரத்து முசுறு எறும்புதான், வயிறு மட்டும் பச்சை. அப்பா இவற்றை உடனே அடையாளம் காண்பார் பாருங்கள். அந்தத் தாமரை ஒரு காலத்தில் இங்கே ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து கைவிட்ட எருமைகள் காட்டில் பெருகி, கரைகளை மிதித்து வாய்க்காலாக்கி, கடல்நீரை நன்னீர்ச் சமவெளிக்குள் இழுத்துவிட்டன. கால்நடைக் காசநோயை ஒழிக்கும் திட்டத்தில் 1980களில் எருமைகளைப் பெருமளவு சுட்டுக் குறைத்த பிறகுதான் நீர்த்தாவரம் திரும்பியது. மிச்சமிருக்கும் எருமைகளை எங்கேயாவது பார்த்தால் நம் வீட்டுக் கொட்டில் ஞாபகத்தில் அருகே போகாதீர்கள். அவை காட்டு விலங்குகள், முட்டும்.

ஜூலையில் வானத்தில் புகை தெரியும், பயப்பட வேண்டாம். பின்னால் வரும் பெருந்தீயைத் தடுக்க, புல் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே திட்டமிட்டு எரிக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். தீயின் முனையில் பருந்துகள் வட்டமிட்டு, ஓடிவரும் வெட்டுக்கிளியையும் பல்லியையும் பிடிப்பதை நீங்களே பார்க்கலாம். எரியும் குச்சியைக் காலில் தூக்கிப்போய் வேறிடத்தில் போட்டுப் புதுத் தீ மூட்டும் என்று பழங்குடி மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைத் தொகுத்தது. குச்சியைத் தூக்குவது நடக்கிறது என்று நம்பலாம். வேண்டுமென்றே செய்கிறதா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. சாப்பாட்டு மேசையில் அதே பருந்து வேண்டுமென்றேதான் செய்யும்: தட்டிலிருந்து வாய்க்குப் போகும் வழியிலேயே கோழித்துண்டு காணாமல் போகும், பிள்ளையின் விரலில் நகக்கீறல் மிஞ்சும். திறந்தவெளியில் முதுகை மரத்துக்குக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவில் சாப்பாட்டையும் செருப்பையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். டிங்கோவுக்குத் தோல் செருப்பு மேல் தனி மோகம். கீழே விழுந்து கிடக்கும் பழந்தின்னி வௌவாலைப் பிள்ளைகள் தொடவே கூடாது. ரேபிஸ் நோயின் நெருங்கிய உறவான லிசா வைரஸ் அவற்றில் உண்டு. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காக்கடு 1979இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அது வீடு. பூங்காவால் சூழப்பட்ட மட்ஜெட்பெபே பாறைக் குகையில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் 65,000 ஆண்டுப் பழமை என்று 2017இல் கணிக்கப்பட்டது; சில தொல்லியலாளர்கள் அந்த எண்ணை ஏற்கவில்லை. எப்படி வைத்தாலும் பல்லாயிரம் ஆண்டு. இன்றும் நிலத்தின் உரிமையாளர்களும் அரசும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். ஒரு பாதை திடீரென்று மூடப்பட்டிருந்தால் சடங்கோ துக்கமோ காரணமாக இருக்கலாம், விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள். உபிரில் ஓவியத்தைத் தொட வேண்டாம். மாலையில் பாறை உச்சிக்கு ஏறுவது அப்பாவுக்கும் முடியும், கொஞ்சம் கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டும். பகல் நடைக்கு ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கைக் குறைக்காதீர்கள். எல்லா மிருகங்களையும்விட வெயிலில் சுருண்டவர்களைத்தான் நான் அதிகம் தூக்கி நிழலில் படுக்க வைத்திருக்கிறேன்.

மூன்று இரவு என்றால் இரண்டு மெர்லிலோ ம்யுரெல்லா பார்க்கிலோ, ஒன்று யெல்லோ வாட்டர் பக்கம் மார்டுகலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் குளியலறை, கழிப்பறை உண்டு. சிறு திடல்களில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். டார்வினிலிருந்து ஜபிரு 250 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. நான் சொன்ன இடங்களுக்கெல்லாம் சாதாரணக் காரே போதும். அந்தியிலும் இரவிலும் ஓட்டாதீர்கள், வல்லபி குறுக்கே பாயும். செல்போன் ஜபிரு, கூயிண்டாப் பக்கத்தைத் தாண்டினால் எடுக்காது. அதற்கு முன்பே வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 000, ஜபிருவில் சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய மருத்துவமனை டார்வினில்தான். ஜிம் ஜிம் அருவிக்குப் போக ஆசை வந்தால் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்குக் காப்பீடு உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள், பெரும்பாலும் இருக்காது.